கண்ணளவு: ‘சமைத்துப் பார்’ நூலை அடுப்படியில் வாசித்தல்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பார்கள். இரண்டிலும் அடிபட்டவர்கள் அடுத்தவனுக்கு விடும் சவால் அது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட சமையல் நூலின் பெயர் ‘சமைத்துப் பார்’. தமிழ்க் காதில் அந்தப் பழமொழி ஒலிக்காமல் இந்தத் தலைப்பைப் படிக்க முடியாது. எங்கள் கல்யாணத்துக்கு யாரோ பரிசாகத் தந்த அந்த நூலின் முதல் பாகத்தை ஏழு வருஷம் நான் திறக்கவே இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் லேப்டாப்புக்கு அடியில் வைக்கச் சரியான உயரமாக இருந்தது, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு இரண்டு காரணங்களால் அதைத் திறந்தேன். அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 9.1. மாத்திரையைக் கூட்டிய மருத்துவர், “சாப்பாட்டையும் கொஞ்சம் பாருங்க” என்றார். யார் பார்ப்பது? மனைவிக்கு அமெரிக்க நேரத்தில் வேலை. சமையலுக்கு வந்த அக்கா நாலு நாளில் நின்றுவிட்டார். மிச்சம் இருந்தது நான்தான். முப்பத்தைந்து வயதில் எனக்குத் தெரிந்த சமையல் டீயும் முட்டைப் பொரியலும். ஆசைப்பட்டு ஒன்றும் அடுப்படிக்குள் போகவில்லை. வேறு வழியில்லாமல் போனேன்.

இந்தக் கட்டுரை அந்த மூன்று மாதங்களில் நான் வாசித்த மூன்று பிரதிகளைப் பற்றியது. ஒன்று சமையல் நூல், ஒன்று அரசு நிறுவனத்தின் உணவு வழிகாட்டி, ஒன்று சிறுகதை. மூன்றையும் இலக்கிய வாசகனாக மேசையில் வாசித்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கையில் மஞ்சள் கறையோடு வாசித்ததால் இப்படி எழுதுகிறேன்.

*

முதல் வாரம் அம்மாதான் என் வழிகாட்டி. படுக்கையிலிருந்து குரல் வரும். “புளி கொஞ்சம் கரைச்சு விடு.” கொஞ்சம்னா எவ்வளவும்மா? “ஒரு எலுமிச்சம்பழ அளவு.” எந்த எலுமிச்சை? “கண்ணளவுதான்யா. பாத்தா தெரியும்.” எனக்குப் பார்த்தால் தெரியவில்லை. நிரல் எழுதுபவனுக்கு ‘கொஞ்சம்’ என்பது மதிப்பு கொடுக்கப்படாத மாறி. அதை வைத்து எதையும் ஓட்ட முடியாது. ஒரு நாள் புளிப்பு, ஒரு நாள் உப்பு, ஒரு நாள் இரண்டும்.

அப்போதுதான் லேப்டாப்புக்கு அடியிலிருந்து மீனாட்சி அம்மாள் வெளியே வந்தார்.

இளவயதிலேயே கணவரை இழந்தவர் அவர். அவருடைய சமையலை அறிந்த உறவினர்கள், இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பதில்களைப் புத்தகமாக்கலாமே என்று ஊக்கப்படுத்தியவர் மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். இந்தப் பின்னணி நூலின் மொழியிலேயே தெரிகிறது. பக்கத்தில் இல்லாத ஒருத்திக்குச் சொல்லும் மொழி அது. அம்மாவை விட்டு வேறு ஊரில் குடித்தனம் வைத்திருக்கும் பெண், சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லாதவள், அவள்தான் இந்த நூலின் வாசகி. அதனால் எதையும் ஊகத்துக்கு விடுவதில்லை. தேவையானவை, அளவு, பிறகு வரிசையாகச் செய்முறை. எது முதலில் எண்ணெயில் விழ வேண்டும், எது பின்னால் என்பது வரை.

நல்ல தொழில்நுட்ப ஆவணம் எப்படி இருக்க வேண்டும் என்று அலுவலகத்தில் புதியவர்களுக்கு நான் வகுப்பெடுப்பதுண்டு. இனிமேல் இந்த நூலைக் காட்டலாம் என்று நினைக்கிறேன். ஆவணம் எழுதுபவர் செய்யும் பெரிய பிழை, தனக்குத் தெரிந்தது வாசிப்பவருக்கும் தெரியும் என்று எண்ணிக்கொள்வது. மீனாட்சி அம்மாள் அந்தப் பிழையைச் செய்வதில்லை. ‘கைப்பக்குவம்’ என்று நாம் புல்லரித்துப் பேசும் சொல்லை அவர் நம்பவில்லை என்றே படுகிறது. கைப்பக்குவம் என்றால் கை இருக்கும் இடத்தில்தான் சமையல் இருக்கும். அளவு என்றால் கடிதத்தில் அனுப்பலாம், அச்சில் ஏற்றலாம். எழுபது வருஷம் கழித்து என்னைப் போன்ற ஒரு தடியனுக்கும் ரசம் வைக்க வரும். இது சாதாரணக் காரியம் இல்லை. வாய்வழியில் மட்டும் இருந்த ஒரு அறிவைப் பொதுவில் வைத்த செயல்.

அவருடைய அளவுகளே இன்று எனக்குப் பெயர்க்க வேண்டியவையாக இருந்தன என்பது வேறு கதை. ஆழாக்கு, பலம் என்று வரும். இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் வந்ததே 1956இல்தான். ஆழாக்கு என்றால் 168 மில்லி, பலம் என்றால் ஏறக்குறைய 35 கிராம் என்று ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

நூலின் எல்லையையும் சொல்ல வேண்டும். இது தமிழ் பிராமண வீட்டு அடுப்படி. கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டிலிருந்து வந்த எங்கள் வீட்டின் பாதிச் சமையல் இதற்குள் இல்லை. மீன் இல்லை, கறி இல்லை, கருவாட்டுக்குக் கேள்வியே இல்லை. இதை நூலின் குற்றமாகச் சொல்ல மாட்டேன். தன் வீட்டில் சமைத்ததை அவர் எழுதினார். ஆனால் முதலில் அளவோடு அச்சேறியது எதுவோ அதுதான் ‘தமிழ்ச் சமையல்’ என்று நிலைபெற்றுவிடுகிறது. அச்சேறாத அடுப்படிகள் ‘கண்ணளவு’ என்று படுக்கையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

*

ஒரு மாதத்தில் சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் வந்துவிட்டன. அப்பா ரசித்துச் சாப்பிட்டார். அதுதான் சிக்கல். சமைக்கக் கற்றுக்கொண்டேன், சர்க்கரையைக் குறைக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

‘சமைத்துப் பார்’ எப்படிச் சமைப்பது என்று சொல்லும் நூல். உடம்புக்கு எவ்வளவு போதும் என்பது அதன் கேள்வி இல்லை. அதில் அரிசியையும் நெய்யையும் கண்டு யாரும் பயப்படுவதில்லை. முதலில் எனக்கு இது ஒரு குறையாகப் பட்டது. பிறகு 1951 என்ற ஆண்டை யோசித்தேன். சென்னை மாகாணத்தில் அப்போது உணவு தானியக் கட்டுப்பாடு இருந்தது. ராஜாஜி முதல்வராக வந்து 1952இல்தான் அதை நீக்கினார். அரிசிக்கு அளவு போட்டுக் கொடுத்த காலத்தில் வந்த புத்தகம் இது. அன்றைய பயம் சாப்பாடு மிஞ்சிவிடுமோ என்பதில்லை. ஒரு வீட்டில் சோறு மலையாகக் குவிகிறது என்றால் அந்த வீடு கரையேறிவிட்டது என்று அர்த்தம்.

என் அம்மாவின் கரண்டியில் இருப்பது அந்த அர்த்தம்தான். அப்பா ஒரு வேளைக்குச் சாப்பிடும் சோற்றை ஒரு நாள் அரிசிக் கணக்கில் எடை போட்டேன். 200 கிராம். இது பெருந்தீனி இல்லை, பாசத்தின் எடை என்பது புரிகிறது. புரிந்து என்ன செய்ய? கணையத்துக்குப் பாசம் புரியாது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு. அதில் ஒருவர் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

*

இரண்டாவது பிரதி, ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி. ஐதராபாத்தில் இருக்கும் நிறுவனம். நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அதில் ஒரு கணக்கு உண்டு. தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டை, விதை வகை 35 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.

எனக்கு இதைவிட இனிமையான இலக்கியம் இருக்க முடியாது. எக்செல் திறந்தேன். அப்பா, மனைவி, மகள், நான் என்று பத்தி பிரித்தேன். சமையலறைத் தராசு வாங்கினேன். மாதம் ஆறு லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தோம், கணக்குப்படி நாலு லிட்டர் போதும். காய்தான் பயமுறுத்தியது. சின்னவளுக்குக் குறைத்துப் போட்டாலும் நாளைக்கு ஒன்றரை கிலோ வந்தது. தோல், காம்பு, முற்றல் கழித்து இவ்வளவு வர வேண்டும் என்றால் வாங்குவது இரண்டு கிலோவுக்கு மேல். அவரைக்காய்க்கு நார் உரிக்க வேண்டும். வாழைப்பூவில் கள்ளன் எடுக்க வேண்டும். முதல் நாள் முருங்கைக்கீரை ஆய்ந்து முடித்தபோது ஐம்பது நிமிஷம் போயிருந்தது. வதக்கியதும் அது ஒரு கைப்பிடிக்குச் சுருங்கியதைப் பார்த்து அழுகை வந்தது.

அப்போதுதான் வழிகாட்டியை விமர்சகனாக வாசிக்க ஆரம்பித்தேன். ‘காய்கறி 400 கிராம்’ என்ற வரிக்கு எழுவாய் இல்லை. சாப்பிடுகிற உடம்பு இருக்கிறது, நறுக்குகிற கை இல்லை. அந்தத் தட்டின் படத்தில் எல்லாம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. சந்தையிலிருந்து தட்டு வரைக்குமான இரண்டு மணி நேரம் அந்தப் பிரதியில் நடக்கவே இல்லை. அந்த எண்கள் தப்பு என்று சொல்லவில்லை. அப்பாவின் தட்டை மாற்றியது அவைதான். ஒரு வேளைச் சோறு 200 கிராம் அரிசியிலிருந்து 90க்கு வந்தது. காலி இடத்தைக் கூட்டும் சுண்டலும் நிரப்பின. ஆனால் ஆரோக்கியத்தைச் சத்துகளின் கணக்காக மட்டும் எழுதும்போது, உழைப்பின் கணக்கு யாரோ ஒருத்தியின் தலையில் சத்தமில்லாமல் ஏறிவிடுகிறது. பொரித்த அப்பளம் இரண்டு நிமிஷம். அதன் இடத்தில் வர வேண்டிய கீரை ஐம்பது நிமிஷம்.

நம் ஊரில் இன்னொரு வகை ஆரோக்கிய எழுத்து உண்டு. பாட்டி காலத்துக்குத் திரும்பச் சொல்லும் எழுத்து. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததோடு இது இன்னும் பெருகியது. நானும் கம்பும் குதிரைவாலியும் வாங்கி வந்து அப்பாவுக்கு வைத்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.

“கம்மங்கஞ்சி குடிச்சு வளந்தவன்யா நான். நெல்லுச்சோறு தீவாளிக்குத்தான். அதுலருந்து தப்பிச்சு வந்துதான் உன்ன இஞ்சினியருக்குப் படிக்க வச்சேன். நீ என்னடான்னா மறுபடியும் கம்பைக் கொண்டாந்து வைக்கிற.”

இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனை வாசித்தவர்களுக்குக் கரிசல் மனிதர்களின் சாப்பாடும் பசியும் தெரியும். நான் வாசித்திருந்தேன், அப்பா அதில் வாழ்ந்திருந்தார். எனக்குக் கம்பு என்பது மரபு. அவருக்கு அது வறுமை. ஏக்க எழுத்து இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. உரலில் கம்பை இடித்துப் புடைத்த பாட்டியின் தோள்வலியையும் அது எழுதுவதில்லை. மேலும், எந்தத் தானியமானாலும் குழையக் காய்ச்சிச் செம்பு செம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பெயர் மட்டும் காப்பாற்றாது. கடைசியில் எங்களுக்குள் ஒரு சமரசம். சோறு சோறாகவே இருக்கும், கொஞ்சமாக இருக்கும். கம்பு வாரத்தில் ஒரு நாள் தோசையாக மட்டும் வரும். “இது தோசைப்பா” என்றுதான் வைப்பேன். அவரும் தெரியாத மாதிரி சாப்பிடுவார்.

*

மூன்றாவது மாதக் கடைசியில் அம்மா கைத்தடியோடு அடுப்படிக்குள் வந்தார். நான் எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தேன். டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டியிருந்தேன். எண்ணெய்க்கு அளவுக் குப்பி, சுவரில் வார அட்டவணை, மேடையில் தராசு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒன் ஆபீஸ் மாதிரி இருக்குய்யா” என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நன்றாக நடக்க ஆரம்பித்தும் அவர் உள்ளே வருவது குறைந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாசலில் நின்று கேட்டார்.

அந்த நாட்களில்தான் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைத் திரும்ப வாசித்தேன். 1988இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை. ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பம். தெற்கிலிருந்து வந்த மருமகள் பெயர் மீனாட்சி. சமையல் நூல் எழுதிய மீனாட்சியும் சமையலறையைக் கேள்வி கேட்கும் மீனாட்சியும் என் மேசையில் சந்தித்துக்கொண்டது தற்செயல்தான், ஆனால் இரண்டு பேரையும் பிரித்து வாசிக்க எனக்கு அப்புறம் முடியவில்லை. அந்த வீட்டில் அறைகள் நிறைய. சமையலறை மட்டும் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை வசதியாக மாற்றலாமே என்று மருமகள் சொல்வது வீட்டின் அதிகாரத்தையே உரசிவிடுகிறது. அங்கே பெண்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே ஆட்சிப் பரப்பு அடுப்பும் அதைச் சுற்றிய இடமும். நோயில் கிடக்கும் மாமியாரிடம் மீனாட்சி பேசும் இடத்தில், அந்த ஆட்சி ஒரு ஆட்சியே இல்லை என்ற பக்கம் கதை நகர்கிறது.

கல்லூரியில் முதல் தடவை வாசித்தபோது மீனாட்சியின் பக்கம் முழுசாக நின்றேன். இப்போதும் அவள் சொல்வது சரிதான். ஆனால் இந்தத் தடவை மாமியாரை விட்டுக் கண் நகரவில்லை. ஒரு பொய்யான ராஜ்யம்தான், ஒத்துக்கொள்கிறேன். நாற்பது வருஷமாக அந்த ஒன்றைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். அதையும் ‘ஆரோக்கியம்’ என்று சொல்லி மகன் எடுத்துக்கொண்டால் அவளிடம் என்ன இருக்கும்? ‘இனிமே இவ்வளவு எண்ணெய் வேண்டாம், இவ்வளவு சோறு வேண்டாம்’ என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அப்பாவின் 9.1க்குக் காரணமானவர் என்று அம்மாவைக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சுவரில் அட்டவணையாக ஒட்டியிருந்தேன்.

கதையை மூடி வைத்துவிட்டு எக்செல்லைத் திறந்தபோதுதான் கவனித்தேன். நாலு பத்தி. வீட்டில் அஞ்சு பேர்.

மறுபரிசோதனைக்காக அம்மாவின் கோப்பை எடுத்தேன். அறுவை சிகிச்சைக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனை அதில் இருந்தது. ஹீமோகுளோபின் 8.9. எனக்குத் தெரியாத எண் இல்லை. ரத்தம் கம்மியாக இருக்கிறது, சரிசெய்துவிட்டுத்தான் அறுவை சிகிச்சை என்று சொல்லி ஒரு மாதம் தள்ளிப்போட்டார்கள். நான்தான் மருந்து வாங்கிக் கொடுத்தேன். அது எனக்கு அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஒரு வேலை, முடிந்ததும் டிக் அடித்துவிட்டேன். இரண்டும் ஒன்பதை ஒட்டிய எண்கள். அப்பாவின் ஒன்பது குடும்பத்தையே புரட்டிப்போட்டது, அம்மாவின் ஒன்பது கோப்புக்குள் போயிற்று. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த வயதைத் தாண்டிய என் அம்மா அந்தக் கணக்கிலும் இல்லை, என் கணக்கிலும் இல்லை.

நாற்பது வருஷமாக அவர் என்ன சாப்பிட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லோரும் எழுந்த பிறகு, சட்டியில் இருப்பதை. கூட்டு மிஞ்சினால் கூட்டு. இல்லையென்றால் குழம்பு ஊற்றிச் சோறு. நான் சமைத்த மூன்று மாதமும் நானே அப்படித்தான் கடைசியில் நின்றபடி சாப்பிட்டேன். எனக்கு அது ஒரு அனுபவமாக இருந்தது, கட்டுரைகூட எழுதலாம் என்று தோன்றியது.

மூன்று பிரதிகளுக்கும் நான் கடன்பட்டவன். சமைக்கத் தெரியாதவனை மதித்துப் பேசியது முதலாவது. உடம்பைக் கணக்கில் எடுத்தது இரண்டாவது. இரண்டும் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது யார் விடுபடுகிறார்கள் என்று கேட்க வைத்தது மூன்றாவது. அந்தக் கேள்வி இல்லாமல் எழுதப்படும் ஆரோக்கியச் சமையல் எதையும் இனி என்னால் முழுசாக நம்ப முடியாது, அதை எழுதியது பெரிய நிறுவனமானாலும் சரி, என் எக்செல்லானாலும் சரி.

*

அப்பாவின் அடுத்த பரிசோதனையில் 7.6 வந்தது. மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு. சுவரிலிருந்து அட்டவணையைக் கிழித்தேன். டப்பாக்கள் அம்மா சொன்ன இடத்துக்குத் திரும்பின, தராசு மட்டும் இருக்கிறது. ஐந்தாவது பத்தியில் கீரை, சுண்டல், வாரம் இரண்டு நாள் மீன் என்று எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சீலா வாங்கி வந்தேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அம்மாவின் மீன் குழம்பை அளவோடு எழுதிவிட வேண்டும் என்று ஆசை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து புளியைக் கையில் எடுப்பார், நான் வாங்கித் தராசில் வைத்துக் குறித்துக்கொள்வேன். புளி 31 கிராம். மல்லித்தூள் 24. “இதெல்லாமா எழுதுவாக?” என்று சிரித்தார். ஆனால் உப்பை எடுத்தபோது அவராகவே தராசுப் பக்கம் கையை நீட்டினார்.

எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். நானே பரிமாறினேன். அம்மாவுக்கு நடுத்துண்டு வைத்தேன். அப்பளம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அது என் மகளின் தட்டுக்குப் போயிருந்தது. அம்மா வால் துண்டின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அவளுக்கு முள்ளு எடுக்கத் தெரியாதுல்லய்யா” என்றார்.

சட்டியில் இன்னொரு துண்டு இருந்தது. எடுத்து வைத்துவிட்டு, இந்தத் தடவை திரும்பாமல் நின்றேன்.